இருபத்தைந்து நிமிடத்துக் கிணறு

எண்பத்தாறு சதவீதம். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

எங்கள் கல்லூரியில் யார் எதை எழுதினாலும் அது நூலகத்துக்கு வந்து, என் கணினியில் இருக்கும் ஒரு மென்பொருளுக்குள் போய்விட்டு வர வேண்டும். வேறெங்காவது இருக்கிற வரிகளை அது சிவப்பாக்கிக் காட்டும். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நூலகர் சாயிரா பானு, அதாவது நான், கையெழுத்துப் போடுவேன். ஜெரோம் சாரின் 'துணைப்பாட இயற்பியல்' புத்தகம், திருத்திய பதிப்பு, திரை முழுக்கச் சிவப்பாகக் கிடந்தது.

அவர் எதிரே உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம். இத்தனை காலம் பாடம் நடத்தியும் இணைப் பேராசிரியராகவே நின்றுவிட்டவர். பேராசிரியர் பதவிக்கு ஒரு புத்தகம் காட்ட வேண்டும். மதியம் குழு கூடுகிறது. இந்தப் புத்தகம் தேறினால் பதவி, இல்லையென்றால் இப்படியே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"ஏனுங்க மேடம், இது எம்பட புத்தகந்தானுங்க."

"எனக்குத் தெரியுதுங்க சார். மெஷினுக்குத் தெரியலீங்களே."

இந்தப் பக்கம் பாடப்புத்தகம் உருவாகிற விதம் அப்படி. ஒருவர் எழுதுவார், மற்றவர்கள் வெளியிடுவார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை பாடத்திட்டம் மாறும். அதை மாற்றுகிற குழுவில் இருப்பவர் பழைய புத்தகத்தை எடுத்து, மூன்றாம் பாடத்தை முதல் பாடமாக்கி, அட்டையில் தன் பெயரைப் போட்டுக்கொள்வார். ஜெரோம் சார் இரண்டாயிரத்து ஒன்றில் எழுதியது இப்படியே ஆறு பேர் பெயரில் வந்துவிட்டது. இணையத்திலும் ஏறிவிட்டது. இப்போது அப்பனைக் கூப்பிட்டு, ஏன் உன் பிள்ளைகள் ஜாடையில் இருக்கிறாய் என்று விசாரிக்கிறார்கள்.

நான் கடைசி அலமாரிக்குப் போய் அவருடைய முதல் பதிப்பைத் தேடி எடுத்து வந்தேன். தாள் பழுத்திருந்தது. அவர் நேராக ஒரு கணக்குக்குப் புரட்டினார். கிணறு, ஐந்து குதிரைத்திறன் மோட்டார், ஒரு தொட்டி. தொட்டி நிறைய எவ்வளவு நேரம் ஆகும்?

"எங்கய்யன் கூலிக்குப் போன தோட்டத்துக் கெணறுங்க. அவிநாசிக்கு இந்தாண்ட. தொட்டி நெறையற வரைக்கும் நாந்தான் காவலுக்கு உக்கோந்திருப்பேன்." கொஞ்சம் சிரித்தார். "மோட்டாருக்குக் குடுக்கற சத்தில நூத்துக்கு அறுபது பங்குதானுங்க தண்ணிய ஏத்தும். மிச்சம் சூடாப் போயிரும். கணக்குல அத நானே எழுதிப்போட்டு, விடை போடறப்ப மறந்துட்டேனுங்க. இருபத்தஞ்சு நிமிசம்னு வந்திருச்சு. நெசத்துல நாப்பத்திரெண்டு ஆகோணும்."

நான் அந்த ஆறு பேரின் புத்தகங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். இருபத்தைந்து. இருபத்தைந்து. எல்லாவற்றிலும் அறுபது சதவீதம் கேள்வியில் இருந்தது, விடையில் இல்லை. ஒருவர்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. புதுப் பதிப்பில் ஜெரோம் சார் அதைத் திருத்தியிருந்தார். சிவந்து கிடந்த அந்தப் பக்கத்தில் அந்த ஒரு வரி மட்டும் கறுப்பாக நின்றது.

எனக்கு உயிர் வந்தது. "இது போதுங்க சார். யாரு யாரைப் பாத்து எழுதினாங்கன்னு இதுலயே தெரியுதே!"

அவர் ஏற்கெனவே களைத்துப்போயிருந்தார்.

மதியம் அறிக்கையையும் பழைய பதிப்பையும் எடுத்துக்கொண்டு நானும் சாரோடு போனேன். குழுவில் முதல்வரும், வெளியிலிருந்து வந்த இயற்பியல் நிபுணர் டாக்டர் கதிரும் இருந்தார்கள். கதிர் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். அந்த ஆறு பேரில் அவரும் ஒருவர். இப்போது எங்கள் மாணவர்களுக்கு அவர் புத்தகம்தான் பாடம். அவர் பழைய பதிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஐ.எஸ்.பி.என். நம்பர் இல்லீங்களே. நம்பர் இல்லாதத புத்தகம்னே எடுத்துக்க முடியாதுங்க."

"நூலக முத்திரையில தேதி இருக்குதுங்க" என்றேன்.

"இருக்கலாமுங்க மேடம். ரூல்ஸ்ல எடமில்லீங்க."

எங்கள் ஊரில் கழுத்தை அறுப்பதென்றாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள். பிறகு அந்தக் கறுப்பு வரிக்கு வந்தார். அதில் விரலை வைத்து முதல்வரிடம் காட்டினார்.

"எல்லாப் புத்தகத்துலயும் இருபத்தஞ்சு. இவரு மட்டும் நாப்பத்திரெண்டுங்கறாரு. பாத்து எழுதுனதையும் சரியா எழுதலீங்க சார்."

மேசைமேல் பேனா கிடந்தது, தாள் கிடந்தது.

"ஒருக்காப் போட்டுப் பாருங்க கதிர்" என்றார் ஜெரோம் சார்.

கதிர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதல்வர் நல்ல மனுஷர், நடுவில் புகுந்தார். "விடுங்க சார். வார்த்தைகள மாத்தி எழுதி பத்து சதவீதத்துக்குள்ள கொண்டாந்துருங்க. அந்த விடையையும் எல்லாரு மாதிரி இருபத்தஞ்சுன்னு வெச்சுருங்க. அடுத்த கூட்டத்துல முடிச்சுக் குடுத்தர்றோம்." கதிரும் தலையாட்டினார்.

ஜெரோம் சார் பழைய பதிப்பை எடுத்து மூடினார். ஒத்துக்கொள்ளுங்கள் சார், ஒத்துக்கொள்ளுங்கள் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"வார்த்தையப் பூராவும் மாத்திப்போடறனுங்க. அத மாத்த முடியாதுங்க."

"ஏனுங்க?" என்றார் முதல்வர்.

"இருபத்தஞ்சு நிமிசத்துல தொட்டி நெறையாதுங்க."

முதல்வர் பெருமூச்சு விட்டு, 'பரிந்துரைக்கவில்லை' என்று எழுதினார். அவ்வளவுதான்.

ஜெரோம் சார் நூலகத்துக்கு வந்து பழைய பதிப்பை மறக்காமல் என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "என்னங்க சார் இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றேன்.

"விடுங்க மேடம். கிளாஸ் இருக்குது, வாரேன். இன்னைக்கு அந்தக் கெணத்துக் கணக்குத்தான் நடத்தோணும்."

"என்ன விடைங்க சார் சொல்லுவீங்க?"

வாசலில் நின்றார். "நாப்பத்திரெண்டு எப்படி வருதுன்னு போர்டுல போட்டுக் காட்டுவனுங்க." சட்டைப் பையில் சாக்பீஸைத் தேடினார். "பரிட்சையில இருபத்தஞ்சுன்னே எழுதுங்கன்னு சொல்லிப்போடுவேன். பசங்களுக்கு மார்க் போயிருமுங்களே."

மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறிப் போனார்.