இரட்டை முடிச்சு

"பாலாவியில ரெண்டு துணிக்கடையும் பூட்டு மச்சான்," என்றான் ஸக்கியாவின் தம்பி நளீர், மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே. "வெள்ளிக்கிழமைதானே. புத்தளத்துக்கே போய் வாறன். ஜும்ஆத் தொழுகையோட ராத்தாவத் தொழுவிச்சு அடக்க ஏலுமோ தெரியா."

அத்தாஉல்லா வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். பள்ளிவாசலில் இருந்த கபன் துணி முந்தநாள் வேறொரு மௌத்துக்குப் போய்விட்டது. சுபஹுத் தொழுகை நேரத்தில் கண்ணை மூடிய அவருடைய மனைவி ஸக்கியா, சுற்றி அடக்க வெள்ளைத்துணி இல்லாமல் உள்ளே கிடந்தாள். வெள்ளைத்துணியோ இந்த வீட்டு அலுமாரியிலேயே, அவருடைய கலியாணச் சட்டைக்கு அடியில் இருந்தது.

ஐந்து மாதத்துக்கு முன் வாங்கியது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டதென்று டாக்டர் சொன்ன அன்று, திரும்பும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பைத்தியம் பிடித்தவர் மாதிரி வாங்கினார். வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னது வேறு. "அல்லாஹ் இருக்கான் ஸக்கியா. தவக்குல் வை, அவன்ட பொறுப்புல விடு. ஒண்டும் ஆகாது." பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அதே பயான். வேலை செய்யும் உப்பளத்துப் பாத்தி வரம்பில் நின்றுகூடச் சொன்னார். மார்க்கம் படித்த ஆலிம்களே தோற்றுப்போவார்கள். அவளும் ஒவ்வொரு முறையும் "ஓம்" என்றாள்.

நளீர் வண்டியைத் திருப்பினான். போகட்டுமென்று விட்டால், அவர் கபன் வாங்கி ஒளித்தது ஒருவருக்கும் தெரியவராது. அவள்தான் காத்துக் கிடப்பாள்.

"நிண்டுக்க நளீர்," என்றார்.

அலுமாரியைத் திறந்து பார்சலை இழுத்தார். கடைக்காரன் ஒட்டித் தந்த கடதாசிப் பார்சல், இப்போது சணல் நூலால் கட்டியிருந்தது. இரட்டை முடிச்சு. உப்பளத்துக்குக் கட்டித்தரும் சோற்றுப் பார்சலில் ஸக்கியா போடும் அதே முடிச்சு. நாள் தவறாமல் அதைத் திட்டிக்கொண்டே கத்தியால் அறுப்பார். கடதாசிக்குள்ளிருந்து அத்தர் மணத்தது. அவர் அத்தர் பூசி வைக்கவில்லை.

ஸக்கியாவைக் குளிப்பாட்ட ஒதுக்கிய அறை வாசலில் அவளுடைய தங்கை றிஷ்னா நின்றாள். பார்சலைக் கண்டு அவள் ஆச்சரியப்படவில்லை.

"நீங்களாக் கொண்டு வருவீங்கெண்டுதான் பார்த்துக்கொண்டிருந்தன் மச்சான்."

"ஒனக்குத் தெரியுமா?"

"நோம்புக்கு முந்தியே ராத்தா காட்டினா." றிஷ்னா குரலைத் தாழ்த்தினாள். "'அந்த மனுசன் பயந்து போயிட்டாரு. தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்காத, வெக்கப்படுவாரு' எண்டா. ஒங்கட பயத்தப் போக்கச் சொல்லித்தான் ஒவ்வொரு தொழுகையிலயும் துஆ கேட்டா."

அத்தாஉல்லாவால் தலையை நிமிர்த்த முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் சொன்ன அத்தனை ஓமும் தெரிந்துகொண்டே சொன்னதுதான்.

"தாங்க, கத்தரிக்கோல் இருக்கு," என்று றிஷ்னா கையை நீட்டினாள்.

அவர் கொடுக்கவில்லை. வாசற்படியில் குந்தி, பார்சலை மடியில் வைத்து, நகத்தால் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். உள்ளே வாளியில் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தது.