வாய்க்காலுக்கு அக்கரை வெண்ணெய்

“இக்கரையில கடையறது மட்டுந்தான் கோரைக்காட்டு வெண்ணெய்னு எவன் சொன்னான்? நானென்ன வெளக்கெண்ணெயா விக்கிறேன்…”

“சரிதா, நான் சொல்றதைச் சித்த…”

“…டப்பாவுல பேரைக் கிழிச்சுப்போடோணுமாம்! சங்கத்துக் கடுதாசியில கையெழுத்து ஆரோடது? என்ற அக்கா வசந்தாமணியோடது!”

“செயலாளர்னா கையெழுத்துப் போட்டுத்தான் ஆகோணும். வரைபடம் நான் போடலை புள்ள.”

“போடறப்ப பக்கத்துலதானே உக்காந்திருந்தே?”

வசந்தாமணி மோர்ச் செம்பை நீட்டினாள். தங்கை வாங்கவில்லை.

கோரைக்காட்டில் இருந்தது சந்தை. கடைந்தது சுற்றியிருந்த பதினோரு ஊர். எந்த ஊர்ப் பானை சந்தைக்கு வந்தாலும் வாங்குகிறவர்களுக்கு அது கோரைக்காட்டு வெண்ணெய்தான். அந்தப் பெயருக்குப் புவிசார் குறியீடு கேட்டுச் சங்கம் எழுதிய விண்ணப்பத்தில் எல்லை வாய்க்காலோடு நின்றுவிட்டது. சரிதா வாழ்க்கைப்பட்ட ஊர் அக்கரை. அவள் ஆட்சேபணை எழுதிப் போட்டிருந்தாள். நாளை மறுநாள் சென்னையில் விசாரணை.

“திருச்செங்கோட்டுக் கடைக்காரர் வேற பக்கம் பாத்துக்கறேங்கறார். பேரு இல்லாட்டி அது வெறும் வெண்ணெயாம். என்ற ஆறு எருமையை என்ன பண்ணட்டும்? உங்களாட்டம் வித்துப்போட்டுச் சீமை மாடு புடிக்கட்டுமா? இக்கரையில மொத்தம் எத்தனை எருமை இருக்குது, சொல்லு பாக்கலாம்.”

“நாலு.”

“அதுல ஒண்ணு கெழடு. ஊரே பேரு வாங்குது, நாலு எருமையை வெச்சுட்டு!”

வசந்தாமணிக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுபோனது.

“விண்ணப்பத்தோட வெச்ச பரிசோதனைச் சீட்டை நகலெடுத்து எனக்கு அனுப்பியிருக்காங்க. ‘எருமைத் தயிர் வெண்ணெய். நல்ல வெள்ளை, கெட்டி.’ அதை ஆரு ஊட்டுல எடுத்தீங்க? அதை மட்டும் சொல்லிப்போடு, நான் போயர்றேன்.”

வசந்தாமணி முந்தானையில் கையைத் துடைத்தாள். ஈரமே இல்லாத கை.

“தையில, நாமக்கல் ஆஞ்சநேயருக்கு வெண்ணெய்க் காப்புன்னு உன்றகிட்ட வாங்கிட்டு வந்தனே…”

“ஆமா. சாமிக்குன்னு காசே வேண்டாம்னேன். தலைக்கு ஊத்தீட்டுக் கடைஞ்சேன்.”

“அது நாமக்கல்லுக்குப் போகலை, சரிதா.”

“பின்ன?”

“நாங்க பரிசோதனைக்கு அனுப்புனது ரெண்டு தடவை திரும்பிருச்சு. சீமை மாட்டுப் பாலு, மஞ்சளா இளகிப்போச்சு. மூணாவதா உன்றதை டப்பாவுல வெச்சு முத்திரை போட்டு அனுப்புனேன். என்னைத் தவுர ஆருக்கும் தெரியாது. வாய்க்காலோட கோடு போட்டாங்க, அப்பவும் வாயைத் தொறக்கலை. தொறந்தா இதுவும் வெளிய வந்துருமேன்னு…”

தங்கை கத்துவாள் என்று வசந்தாமணி காத்திருந்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சரிதா கடுதாசியை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பையை மூடுவதற்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள்.

“சாமி பேரைச் சொல்லி வாங்கியிருக்கறே. அதை நீயும் சாமியும் பேசிக்கோங்க,” என்றாள் எழுந்து நின்று. “சென்னையில அத்தனை பேரு முன்னால எந்திரிச்சு இதைச் சொல்லுவியாக்கா?”