வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தி நாலு மாதம் ஆகியிருந்தது. காரணம் தக்காளி நாற்று. தோட்டத்துப் பசுமைக்குடிலில் நான் கண்ணும் கருத்துமாக வளர்த்த நாற்பது நாற்றுக்கும் ஊற்றோ ஊற்றென்று தண்ணீர் ஊற்றி அழுக வைத்துவிட்டார். "இனிமே என் செடிப்பக்கமே வராதீங்க. நீங்க சும்மா இருந்தாலே பெரிய உதவி" என்றேன். என் வாய்க்குப் பூட்டு கிடையாது. அன்று மூடிய வாயை அவர் திறக்கவில்லை. ரோஷத்தில் நான் அவருக்குத் தப்பாமல் பிறந்தவள். நானும் போய்ப் பேசவில்லை.

நடுவில் மாட்டிக்கொண்டவர் என் கணவர். "மாத்திரை போட்டாச்சான்னு அவர்கிட்ட கேளுங்க" என்பேன். அப்பா ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருப்பார். கணவர் கேட்டு, பதிலை வாங்கி, என்னிடம் ஒப்படைப்பார். தம்பி அவருக்குத் தபால்காரர் என்றே பெயர் வைத்துவிட்டான்.

கோடை தவறாமல் ஏரிக்கரையில் மூன்று நாள் கூடாரம் போட்டுத் தங்குவது எங்கள் வழக்கம். இந்த முறை நல்ல இடம் பிடிக்க வேண்டுமென்று கணவரும் தம்பியும் விடியும் முன்பே வேனில் கிளம்பிவிட்டார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு நான் பின்னால் காரில் போவதாக ஏற்பாடு.

பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. அப்பாவின் அறையை எட்டிப் பார்த்தேன். கட்டில் காலி, செருப்பும் இல்லை. என் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வருவதற்குப் பதில் வேனிலேயே தொற்றிக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தேன். கொஞ்சம் வலித்தது, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. தோட்டத்துக் குழாயை மூடினேன். காற்றில் அடித்துக்கொள்ளும் என்று சாத்தியிருந்த பசுமைக்குடில் கதவுக்கும் தாழ் போட்டேன். கேட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

ஏரிக்கரையில் தம்பி சுத்தியலால் கூடார முளையை அடித்துக்கொண்டிருந்தான். நான் காரை நிறுத்தியதும் நிமிர்ந்து பார்த்தான்.

"அப்பா பின்னாடி தூங்குறாரா?"

"அப்பாவா? உங்ககூடதானே வந்தாரு."

"வேன் முழுக்க சாமான். உன்கூட வர்றேன்னு ராத்திரியே மாமாகிட்ட சொல்லிட்டாரே."

கணவரைப் பார்த்தேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

"சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார். "நீ தூங்கிட்ட. காலையில மறந்துட்டேன்."

நாலு மாதத்தில் அவர் தவறவிட்ட ஒரே தபால் அது.

அங்கே போனில் சிக்னல் கிடையாது. நானும் கணவரும் காரில் ஏறினோம். தம்பி வேனில் பின்னால் வந்தான்.

"வீட்டுலதான் இருப்பாரு. எங்கயாவது படுத்திருப்பாரு" என்றார் கணவர்.

"செருப்பு இல்லைங்க. வெளியில போனாத்தான் போடுவாரு."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு உறைத்துவிட்டது. கேட்டுக்கு உட்பக்கம் செருப்பு தேவைப்படும் இடம் தோட்டம் ஒன்றுதான். தோட்டத்தில் அவர் என் கண்ணில் படவில்லை. கண்ணில் படாமல் இருக்க அங்கே ஒரே ஒரு இடம்தான் உண்டு. அதற்கு வெளிப்பக்கம் மட்டுமே தாழ்ப்பாள். நானே போட்டேன்.

வெளியே நாற்பத்திரண்டு டிகிரி என்று காரில் காட்டியது. உள்ளே எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட மனம் வரவில்லை. தண்ணீரையும் மூடிவிட்டு வந்திருக்கிறேன்.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கடைசிப் பிள்ளை இறங்கிய பிறகும் பின் சீட்டு வரைக்கும் நடந்து போய், குனிந்து பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவேன். பத்து வருடத்தில் ஒரு நாளும் தவறியதில்லை. ஊரார் பிள்ளைகளுக்குக் குனிந்த முதுகு சொந்த அப்பாவுக்குக் குனியவில்லை.

நெடுஞ்சாலை வந்ததும் சிக்னல் கிடைத்தது. அப்பாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது; வழக்கம்போல வீட்டுக்குள்ளேயே விட்டிருப்பார். கணவர் பக்கத்து வீட்டுத் தையல்காரக்காவைப் பிடித்தார்.

"அக்கா, கேட்டை உடைச்சாலும் பரவாயில்ல. பசுமைக்குடிலைத் திறங்க. மாமா உள்ள இருக்காருன்னு நினைக்கிறோம்."

அதன் பிறகு அக்கா போனை எடுக்கவில்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று. "வேகமா ஓட்டாத" என்று கணவர் ஒரு தடவை சொன்னார், அப்புறம் சொல்லவில்லை.

இருபது நிமிடம் கழித்து போன் அடித்தது.

"மூச்சு இருக்கு" என்றார் அக்கா. அவருக்கே மூச்சு வாங்கியது. "நினைவு சரியா இல்ல. தெருமுனை கிளினிக்குக்குத் தூக்கிட்டு வந்துட்டோம். நேரா இங்க வாங்க."

நாங்கள் போனபோது அப்பாவுக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. நெற்றியில் ஈரத்துணி. உதடு வெடித்திருந்தது. கண் திறந்திருந்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

வாசலில் நின்ற அக்காவுக்கு ஆறவில்லை. "தினமும் நீ வேலைக்குப் போனதும் போய் உன் செடிக்குத் தண்ணி விடுவாரு. இன்னிக்கும் அதுக்குத்தான் போயிருப்பாரு. நான் சுவத்துக்கு இந்தப் பக்கம்தான் காலையில இருந்து தைச்சுக்கிட்டிருந்தேன். ஒரு குரல் குடுத்திருந்தா ஓடி வந்திருப்பேன். ஒரு சத்தமும் வரல."

எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது.

"ஏம்பா கத்தல?"

அப்பா கூரையைப் பார்த்தார். கணவர் பழக்கதோஷத்தில், "மாமா, அவ என்ன கேக்கிறான்னா..." என்று ஆரம்பித்தார். கையைக் காட்டி நிறுத்தினேன்.

"நீதான பூட்டின" என்றார் அப்பா. குரல் கரகரத்தது. "கதவுக்கு நேரா வந்து நின்ன. என் மூஞ்சியையே பார்த்த. நான் கையக்கூட ஆட்டினேன். நீ பார்த்துட்டே தாழ் போட்டுட்டுப் போயிட்ட."

அந்தக் கதவு ஒரு பழைய கடையிலிருந்து வாங்கிப் போட்டது, கறுப்புக் கண்ணாடி. உள்ளே இருப்பவருக்கு வெளியே எல்லாம் தெரியும். வெயிலில் நிற்பவருக்கு அவரவர் முகம்தான் தெரியும். தாழ் போடும் முன் நான் அதில் பார்த்துத்தான் வெயிலுக்குக் கட்டியிருந்த தலைத்துணியைச் சரிசெய்தேன்.

"உங்களைப் பார்க்கலப்பா. என் மூஞ்சியைத்தான் பார்த்தேன்."

"ஓ" என்றார். "நான் கோபம்னு நினைச்சேன். ஆறினதும் வந்து திறப்பன்னு உட்கார்ந்திருந்தேன்."

"அக்கா பக்கத்துலதான இருந்தாங்க? அவங்களையாவது கூப்பிட்டிருக்கலாமே?"

"எப்படிக் கூப்பிடுறது?" என்றார், இதுகூடத் தெரியாதா என்பது போல. "பெத்த அப்பனையே பூட்டி வெச்சிட்டான்னு தெரு முழுக்கப் பேசுவாங்க. உனக்குத்தான அசிங்கம்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நாங்கள் இப்போது நன்றாகவே பேசிக்கொள்கிறோம். ஆனால் நான் அப்படிச் செய்யக்கூடியவள்தான் என்று என் அப்பா இரண்டரை மணி நேரம் நம்பிக்கொண்டு அந்த வெக்கையில் உட்கார்ந்திருந்தார்.