கழுவாத வெள்ளிக்கிழமை

ஜெயம்மாவின் கை ராசியான கை என்று தோட்டம் முழுக்கப் பேர். கவ்வாத்து வெட்டித் தேயிலை மறுபடி துளிர்த்த மலையில் முதல் கொழுந்தை அவள்தான் கிள்ள வேண்டும். யார் புது வீடு புகுந்தாலும் அடுப்பை அவள்தான் மூட்ட வேண்டும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்தால் என்ன தப்பு?

அந்தக் கை வளர்த்த மீன்கள்தான் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன.

தேயிலை ஃபெக்டரியில் வேலை பார்க்கும் அவள் புருஷன் நாகலிங்கம், கஹவத்தை டவுனில் ஒரு மீன்தொட்டியைப் பார்த்த நாளிலிருந்து வாய் ஓயவில்லை. மகளும் கல்யாணம் கட்டி ரம்புக்கனைக்குப் போய்விட்டாள், வீட்டில் பார்க்க ஏதாவது வேண்டாமா என்றான். ஒருநாள் கண்ணாடித் தொட்டி, சல்லிக்கல், பஞ்சு வழியே தண்ணீரை வடிகட்டும் சின்ன மோட்டார், வால் விரித்த கப்பி மீன்கள் என்று எல்லாவற்றையும் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தான். "வேலையத்த வேலை" என்று முணுமுணுத்த ஜெயம்மாதான் மறுநாளே தேத்தண்ணியும் கையுமாகத் தொட்டி முன்னால் உட்கார்ந்தாள். செம்மஞ்சள் வால்காரன் ஒருவன் அவள் விரல் போன பக்கமெல்லாம் நீந்தினான். அவ்வளவுதான், மனசு ஒட்டிக்கொண்டது.

ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கழிந்த கையோடு தண்ணீர் கஞ்சி போலக் கலங்கியது. ஏதாவதொரு மீன் மிதந்தது. செம்மஞ்சள் வால்காரனும் போய்விட்டான்.

அந்த நேரம் பார்த்து அடுத்த லயத்து வரிசை வீட்டிலிருந்து தனுஜா வந்தாள். "அக்கா, புது வீட்டுல பால் காய்ச்சப் போறோம். நீங்கதான் அடுப்பு மூட்டணும்."

"முதுகு வலிக்குது புள்ள. வேற யாரையாச்சும் பாரு."

முதுகுக்கு ஒரு கேடும் இல்லை. ஒரு மீனைப் பிழைக்க வைக்கத் துப்பில்லாத கை, வாழப்போகிற பிள்ளையின் அடுப்பைத் தொடலாமா என்று அவளுக்குப் பயம். அதைப் புருஷனிடம்கூட அவள் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாகலிங்கம் அவளையும் கூட்டிக்கொண்டு வளர்ப்பு மீன் கடைக்குப் போனான். கடைக்காரர் இப்திகார் வாயைத் திறக்குமுன் ஜெயம்மா கேட்டுவிட்டாள்.

"இப்திகார் நானா, கைராசி இல்லாதவங்க மீன் வளக்கக் கூடாதா?"

நாகலிங்கம் திரும்பி மனைவியைப் பார்த்தான்.

"ராசி கெடக்கட்டும் அக்கா. தொட்டிய எப்பிடிக் கழுவுறீங்க?"

கழுவுவதைப் பற்றிக் கேட்டால் ஜெயம்மாவுக்குச் சொல்லவா வேண்டும்! முகம் மலர்ந்துவிட்டது. "வெள்ளிக்கிழம வீடு வாசல் கழுவி வெளக்கேத்துவோம் இல்லீங்களா, அதோட தொட்டியையும் கழுவிருவேன். மீன வாளியில விட்டுட்டு, கல்லு, பஞ்சு எல்லாம் சுடுதண்ணி ஊத்தி, சவர்க்காரம் போட்டுத் தேச்சு..."

"அல்லாஹ்வே!" இப்திகார் தலையில் கை வைத்தார். "அந்தக் கல்லுலயும் பஞ்சுலயும்தான் அக்கா கண்ணுக்குத் தெரியாத உசுருங்க இருக்கு. மீனோட கழிவத் தின்னு தண்ணியக் காப்பாத்துறது அதுதான். நீங்க வெள்ளிக்கு வெள்ளி அதக் கொன்னுட்டீங்க."

"அப்ப தோசை மாவு மாதிரியா? பழைய மாவுல கொஞ்சம் சட்டியில விட்டாத்தான் புது மாவு பொங்கும். நான் சட்டியவே கழுவிட்டேனா?"

"ஹரி, சரியாச் சொன்னீங்க, அதுதான்! கொஞ்சம் தண்ணி மட்டும் மாத்துங்க. அந்தப் பழைய தண்ணியிலயே பஞ்ச ஒருக்கா அலசினாப் போதும். உங்க கைக்கு ஒரு கொறையும் இல்ல அக்கா. அதுக்குச் சும்மா இருக்கத்தான் தெரியல."

நாகலிங்கம் சிரித்தே விட்டான். பஸ் வரும்வரை சிரித்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமைதான் பெரிய சோதனை. வீடு பளபளத்தது, சாமி விளக்கு பளபளத்தது, தொட்டிக் கண்ணாடியில் மட்டும் பச்சையாக ஒரு படலம். ஜெயம்மாவின் கை அரித்தது. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, புருஷன் சின்ன ஜக்கால் தண்ணீர் மொள்வதைப் பல்லைக் கடித்தபடி பார்த்திருந்தாள்.

தண்ணீர் மெல்லத் தெளிந்தது. பிறகு ஒரு மீனும் சாகவில்லை. ஒரு காலை கல் இடுக்கில் நெல்மணி அளவில் ஏதோ அசைந்தது. குனிந்து பார்த்தால், குஞ்சுகள்! ஜெயம்மாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு நேராக அடுத்த லயத்துக்கு நடந்தாள்.

"தனுஜா, பால் காய்ச்சியாச்சா புள்ள?"

"இன்னும் இல்லக்கா. நீங்க இல்லாம எப்பிடி? ஒங்க முதுகு வலி தீரட்டும்னு நாளத் தள்ளி வச்சிருக்கோம்."

ஜெயம்மா தனுஜாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முதுகு வலியெல்லாம் ஒண்ணுமில்ல புள்ள," என்றாள். "அன்னைக்கும் இல்ல."