நீலக் கூண்டில் நாலு சீட்

2024 மே 19, ஞாயிற்றுக்கிழமை மாலை, நாகமலை புதுக்கோட்டைக்கு வெளியே பொருட்காட்சித் திடலில் ஓடிக்கொண்டிருந்த ராட்சத ராட்டினத்தின் நீலக் கூண்டு உச்சிக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. ராட்டினம் நிற்கவில்லை. மற்றக் கூண்டுகள் மேலே போய்க் கீழே வந்தன. நீலக் கூண்டுக்கு அடியில் மட்டும், ஆற்று நடுவில் கிடக்கும் பாறையைத் தண்ணீர் சுற்றிப்போவதுபோல, இரும்புச் சக்கரம் நழுவிப் போய்க்கொண்டிருந்தது. கூண்டுக்குள் இருந்தது எட்டு வயது ஆர்த்திகா, தனியாக.

அவளை ஏற்றிவிட்டவர் அவளுடைய அப்பா பாண்டியராஜன், செல்லூரில் விசைத்தறி ஓட்டுகிறவர். கூட்டம் நெருக்கியதும், பஸ்ஸில் செய்வதைத்தான் அவர் இங்கேயும் செய்தார். கம்பித் தடுப்புக்கு மேலாகப் பிள்ளையைத் தூக்கி, மெல்ல நகர்ந்துகொண்டிருந்த கூண்டுக்குள் விட்டார். "அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சீட் புடிச்சு வை. யாரு கேட்டாலும் ஆள் வருதுன்னு சொல்லு." ஆர்த்திகா பிடித்த சீட்டை இதுவரை எந்தக் கண்டக்டராலும் விடுவிக்க முடிந்ததில்லை. ஆனால் பாண்டியராஜனுக்கு ராட்டினத்தில் ஏறும் எண்ணமே இல்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கக்கூட அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மனிதர் அவர். அப்பா வராவிட்டால் மகள் ஏற மாட்டாள் என்பதற்காக ஒரு பொய் சொன்னார். அதற்குள் கதவு மூடிக்கொண்டது.

ராட்டினத்தை இயக்கும் சுருளி மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தார், திரும்பவும் ஓட்டிப் பார்த்தார். தீயணைப்பு ஏணி பாதி உயரத்துக்குத்தான் எட்டியது. "சீட் புடிக்கிறதுல நம்ம ஊர அடிச்சுக்க முடியாதுதான் மாப்ள, அதுக்காக இம்புட்டு ஒசரத்துலயா?" என்று ஒருவன் சொன்னான். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தபோது, ஆர்த்திகாவின் அம்மா சத்யப்ரியா யாரையும் கேட்காமல் அடுத்த கூண்டில் ஏறினார். அந்தக் கூண்டு உச்சியைத் தொட்டுவிட்டு வெறுமையாக இறங்கி வந்தது. கதவு திறந்து கிடந்தது. கூட்டத்தில் சில பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். பிறகு பாண்டியராஜனின் செல்போன் அடித்தது.

"நான் அவகிட்ட வந்துட்டேங்க. கூண்டு அசையல. இன்னொரு சீட்டுல இருந்து கையை எடுக்க மாட்டேங்குறா. அது அப்பாவுக்காம்."

"எறங்கச் சொல்லு சத்யா. நான் கீழதான நிக்கிறேன்."

"அங்க நின்னு என்னங்க செய்ய? ஏறி வாங்க." சத்யப்ரியாவின் குரல் தாழ்ந்தது. "இங்க வேற ஆளுக நடமாட்டம் இருக்கு."

பாண்டியராஜன் இரண்டு முறை வாந்தி எடுத்தார். சுருளி அவரைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார். மேலே போகும் வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை. உச்சியில் கதவு தானே திறந்தது. இரண்டு கூண்டுகளுக்கும் நடுவே ஒரு எட்டுத்தான் இடைவெளி. கீழே திடலின் விளக்குகள் கொட்டிவைத்த கடுகுபோலக் கிடந்தன. கால் வரவில்லை. அப்போது எதிர்க் கூண்டிலிருந்து மகளின் குரல் கேட்டது.

"வெரசா வாங்கப்பா. நெறைய பேரு வந்து கேட்டுட்டாக. ஆள் வருது, ஆள் வருதுன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது."

அவர் தாண்டினார். ஆர்த்திகா கையை எடுத்தாள். அவர் உட்கார்ந்த இடம், யாரோ அப்போதுதான் எழுந்து போனதுபோல, வெதுவெதுப்பாக இருந்தது. கூண்டு ஒருமுறை குலுங்கி இறங்கத் தொடங்கியது. மகளைப் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த நாலாவது சீட்டைப் பார்த்தார். அதன் மெத்தை அமுங்கியிருந்தது.

"நமக்கு மூணுதானப்பா வேணும்," என்றாள் ஆர்த்திகா. "அதை மட்டும் குடுத்துட்டேன்."

மூவரும் இறங்கிப் போன பிறகும் மெத்தை எழும்பவில்லை. ராட்டினம் மறுநாளும் ஓடியது. நீலக் கூண்டில் இப்போது மூன்று பேரைத்தான் ஏற்றுகிறார்கள். நாலாவது சீட்டில் ஆள் இருக்கிறது.