இதயப் படம் போட்ட உப்பு

மரியமுத்துவை அன்று காலை எட்டரைக்கு லான்ட்மாஸ்ரர் என்கிற சின்ன உழவு மெசினின் பெட்டியில் கிடத்தி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நெடுந்தீவில் அந்த மனுஷன் படுத்தபடி பயணம் போனதை அதுவரை ஒருவரும் கண்டதில்லை. அறுபத்தேழு வயதிலும் வெயில் ஏறுமுன் மாடுகளைத் தேடிப் பாதித் தீவை நடந்து முடிக்கிற ஆள். அன்றைக்குப் பட்டிக்குப் போக எழும்பியவர், கால் மடங்கி முற்றத்திலேயே இருந்துவிட்டார். பிறகு எழும்ப முடியவில்லை.

தாதி அனோஜினி மிஸ்ஸிக்கு அவரை நன்றாகத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் இருதயம் வீங்கி, கிட்னியும் பாதி பழுது என்று கண்டுபிடித்ததிலிருந்து மாதா மாதம் கிளினிக்குக்கு வருகிறவர். வருகிறபோதெல்லாம் உப்புக்காக ஒரு சண்டை. உப்பில்லாத கறியைத் தின்கிறதிலும் பார்க்கக் கடலில் குதிக்கலாம், அங்கேயாவது உப்பிருக்கும் என்பார். வரிசையில் நிற்கிற கிழடுகள் எல்லாம் சிரிக்கும். இன்றைக்கு அவர் வாய் திறக்கவேயில்லை. அவள் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். முப்பத்தாறு.

டொக்டர் ஆரூரன் முதல் படகிலேயே யாழ்ப்பாணத்துக்கு ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டார். வாட்டில் அவளும் உதவியாள் டெனிஸ்ரனும் மட்டும். வெளியே சோழகம் பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. இந்தக் காற்று இருக்கிறதே, வருடத்தில் நாலு மாதம் இந்தத் தீவின் கழுத்தில் காலை வைத்துக்கொண்டு நிற்கும். கேட்க ஆளில்லை.

டெனிஸ்ரன் மார்பில் வயர்களை ஒட்டினான். ஈ.சி.ஜி. காகிதம் ஊர்ந்து வந்தது. கோடு மெல்ல எழுந்து இறங்க வேண்டிய இடத்தில் கூடாரம் அடித்த மாதிரிக் கூர் கூராக நின்றது. அனோஜினி அதைப் படம் பிடித்து டொக்டருக்கு அனுப்பினாள். ஒரு நிமிடம் ஆகவில்லை, போன் அடித்தது.

"மிஸ், இது பொற்றாசியம். இரத்தத்திலை ஏறிப்போச்சு. இப்பவே கல்சியம் போடுங்கோ, மெதுவாய். கண்ணை மொனிற்றரிலையிருந்து எடுக்கக்கூடாது."

அவளுக்கு அது படித்த பாடம்தான். பொற்றாசியமும் ஒரு வகை உப்பு. உடம்புக்குக் கொஞ்சம் வேண்டும். கூடினால் கிட்னி வெளியே தள்ளிவிடும். கிட்னி பழுதானவருக்குத் தள்ள வழியில்லை, இரத்தத்திலேயே தேங்கி முதலில் கால் கையைச் சோர வைக்கும், பிறகு சொல்லாமல் கொள்ளாமல் இருதயத்தை நிறுத்தும். கல்சியம் இருதயத்தைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கும். இன்சுலினும் குளுக்கோசும் பொற்றாசியத்தை இரத்தத்திலிருந்து உடம்புக் கலங்களுக்குள் துரத்தும். அதுவும் சில மணித்தியாலத்துக்குத்தான். உண்மையில் வெளியேற்ற யாழ்ப்பாணத்தில் மெசினில் போட்டு இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். நடுவில் கடல்.

பத்து மில்லி கல்சியத்தைப் பத்து நிமிடமாக ஏற்றினாள். பத்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று ஊசியும் கையுமாக நின்றவருக்குத்தான் தெரியும். பெருவிரல் விறைத்தது. வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது, துடைக்கக் கையில்லை. நாற்பது. நாற்பத்தாறு. இன்சுலினையும் குளுக்கோசையும் கொடுத்து, மூக்கில் ஆவி மருந்தும் பிடித்தபோது ஐம்பத்தெட்டுக்கு வந்து நின்றது. மரியமுத்து கண்ணைத் திறந்து, மாடு கட்டினதோ என்று கேட்டார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கட்டில் காலடியில் செபமாலையோடு நின்ற அவருடைய மனைவி ஞானசவுந்தரியை அவள் விடவில்லை. வாழைப்பழம் கொடுத்தீர்களா, இளநீர் கொடுத்தீர்களா, தோடம்பழம், நாட்டு மருந்து, கசாயம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அந்த மனுஷி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தாள். கிளினிக்கில் எழுதிக் கொடுத்த சாப்பாட்டுக் காகிதத்தைக் குசினிச் சுவரில் ஒட்டிவைத்து, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் சமைக்கிறாளாம். பொய் சொல்கிற முகமில்லை அது. அனோஜினி குளிசைப் பையை எடுத்து மருந்துகளைப் பார்த்தாள். ஒரு வருடமாகப் போடுகிற அதே குளிசைகள், அதே அளவு.

பிறகு அவள் வாசல் அறைக்குப் போய்ப் படகுக்குப் போன் எடுத்தாள். நோயாளர் படகு மறுகரையில் நிற்கிறது, அலை கொஞ்சம் தணிந்தால் பன்னிரண்டு மணிக்கு இறங்குதுறைக்கு வரும் என்றார்கள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டாள். அதைக் கடலிடம் கேட்க வேண்டும் என்றான் மறுபக்கத்தில் இருந்தவன். அவள் போனை வைத்தாள்.

போகிறபோது ஞானசவுந்தரியிடம் ஒன்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். இன்சுலின் போட்டிருக்கிறது, சீனி இறங்கிவிடக்கூடாது, வீட்டுக் கஞ்சி இருந்தால் கொஞ்சம் பருக்குங்கோ என்று. மனுஷி அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். பிளாஸ்க் மூடியில் ஊற்றி, ஊதி ஊதிக் கரண்டியால் கொடுத்தாள். நேற்று மத்தியானத்திலிருந்து சாப்பிடாதவர் மடக்கு மடக்கென்று குடித்தார். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பத்தே முக்காலுக்கு மொனிற்றரின் சத்தம் மாறியது.

ஐம்பத்தெட்டாக நின்றது ஐம்பது. பார்த்துக்கொண்டிருக்க நாற்பத்தைந்து. நாற்பத்தொன்று. கூடாரங்கள் திரும்ப எழுந்தன, இந்தமுறை அகன்று, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. மரியமுத்துவின் கண் மேலே சொருகியது. டெனிஸ்ரன் ஓடிப்போய் அவசரப் பெட்டியைத் தூக்கிவந்தான். இருந்த மூன்று கல்சிய ஊசியில் ஒன்று முடிந்தது, இரண்டு மிச்சம்.

டொக்டருடைய குரல் போனில் உயர்ந்தது. கல்சியத்தின் பலம் குறைகிற நேரம் இது, ஆனால் இன்சுலின் இன்னும் பிடித்திருக்க வேண்டும் என்றார். "எங்கையிருந்தோ இன்னும் உள்ளுக்குப் போகுது மிஸ். என்னண்டு கண்டுபிடியுங்கோ. இல்லாட்டி படகு வரைக்கும் ஆள் தாங்காது."

இரண்டாவது கல்சியத்தை ஏற்றிக்கொண்டே அவள் கட்டிலைச் சுற்றிக் கண்ணால் தேடினாள். சேலைன் போத்தலைத் திருப்பி எழுத்தை வாசித்தாள், வெறும் சேலைன்தான். தண்ணீர்ப் போத்தல். வேட்டி மடிப்பு. கடைசியாகக் கண் பிளாஸ்கில் போய் நின்றது. ஊசி முடிந்ததும் மூடியில் மிஞ்சிக்கிடந்த கஞ்சியில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

முதலில் உப்பு. பிறகு, தொண்டைக்குப் போகுமுன், கசப்பு. இரும்பை நக்கின மாதிரி ஒரு கசப்பு.

அந்தக் கணமே அவளுக்கு எல்லாம் நினைவு வந்தது. இடிவிழுந்தவள் போல் நின்றாள்.

மூன்று வாரத்துக்கு முன், மறுகரைக் குறிகாட்டுவான் துறையிலிருந்து திரும்புகிற படகு. அனோஜினிக்குக் கடலோரக் கரம்பொனில் பிறந்தும் கடல் ஒத்துவராது. தலையைப் பலகையில் சாய்த்து, குமட்டலை அடக்க வாயில் தேசிக்காய்த் தோலை வைத்துக்கொண்டு, எப்போது கரை வரும் என்று கிடந்தாள். பக்கத்தில் இருந்த ஞானசவுந்தரி பையிலிருந்து ஒரு பைக்கற்றை எடுத்து நீட்டினாள். பிரான்சிலிருக்கும் மகள் யூலியட், அந்தோனியார் கோயில் திருநாளுக்கு வந்த ஆட்களிடம் கொடுத்துவிட்டது. அப்பா உப்பில்லாமல் கஷ்டப்படுகிறாராம், இது இருதயக்காரருக்கென்றே விற்கிற உப்பாம். விசா இல்லாமல் பதினொரு வருடம் தகப்பனைப் பார்க்க வரமுடியாத பிள்ளை வேறு என்ன செய்யும்? ஆனாலும் ஞானசவுந்தரி அதை உடைக்கவில்லை. மிஸ்ஸியைக் கேட்காமல் போடமாட்டேன் என்று வைத்திருந்தாள்.

பைக்கற்றில் சிவப்பாய் ஓர் இதயப் படம். கீழே தெரியாத பாஷை. படகு ஒரு குலுக்குக் குலுக்கியது, அவளுக்குக் குமட்டியது. எழுத்தைப் பார்க்கவில்லை. "நல்லது அம்மா, பாவியுங்கோ" என்றாள். மூன்றே மூன்று சொல்.

"அம்மா, அந்த உப்பு எங்கை?" என்றாள் இப்போது. தன் குரலே அவளுக்கு அந்நியமாக இருந்தது.

ஞானசவுந்தரி பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஆசுப்பத்திரியில் இருந்தாலும் அவருக்கு வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று அதையும் கொண்டுவந்திருக்கிறாள். முக்கால்வாசி முடிந்திருந்தது. அனோஜினி முதுகுப் பக்கத்தைத் திருப்பினாள். பிரெஞ்சில் எழுதினாலும் பொற்றாசியம் பொற்றாசியம்தான், இங்கிலிசிலிருந்து ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. சாதாரண உப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொற்றாசிய உப்பை வைத்திருக்கிறார்கள். நல்ல கிட்னி உள்ளவருக்கு அது மருந்து மாதிரி. மரியமுத்துவுக்கு நஞ்சு.

"உது கரிக்கேல்லைப் பிள்ளை. அவரும் காணாது காணாது எண்டார். நல்லதெண்டபடியால் ரெண்டு மடங்கு போட்டனான்," என்றாள் ஞானசவுந்தரி. சொல்லி முடிக்குமுன்பே மிஸ்ஸியின் முகத்தைப் பார்த்து விளங்கிவிட்டது. செபமாலை கையிலிருந்து நழுவியது.

கஞ்சியைப் பிடுங்கி வைத்துவிட்டு, பைக்கற்றைப் படமெடுத்து அனுப்பி, திரும்ப இன்சுலின், குளுக்கோஸ் என்று அடுத்த அரை மணித்தியாலம் போனது. விரல் நுனியைக் குத்திச் சீனி பார்த்துப் பார்த்து அவருடைய விரல்கள் சல்லடையாகிவிட்டன. நாடி நாற்பத்தெட்டு. ஐம்பத்திரண்டு. நிற்குமா விழுமா என்று சொல்லமுடியாத ஐம்பத்திரண்டு.

டொக்டர் போனைச் சத்தமாகப் போடச் சொன்னார். இந்த உப்பைப் பாவிக்கச் சொன்னது ஆர் என்று கேட்டார்.

அனோஜினி மொனிற்றரைப் பார்த்தாள். ஞானசவுந்தரி அவளை ஒருதரம் பார்த்தாள். பிறகு போனுக்குக் கிட்டக் குனிந்தாள்.

"ஒருத்தரும் சொல்லேல்லை டொக்டர். எழுத்து விளங்காமல் நான்தான் போட்டனான்."

வெட்கம் கெட்ட நெஞ்சு, அந்தச் சொல்லைக் கேட்டதும் முதலில் ஆறுதல்பட்டது. அதை அனோஜினி கடைசிவரை மறக்கமாட்டாள். ஆறுதல் முதலில் வந்தது, வெட்கம் பின்னால்தான் வந்தது.

பன்னிரண்டரைக்குப் படகு வந்துவிட்டது என்று போன் வந்தது. மறுகரையிலிருந்து ஒரு தாதியும் கூட வந்திருந்தார். நோயாளியோடு போகிற கடிதத்தை அனோஜினி மேசையில் குனிந்து எழுதினாள். நாடி, நேரம், மருந்து, அளவு. காரணம் என்ற இடத்தில் வெளிநாட்டு உப்பு, மூன்று கிழமை, பைக்கற் இணைக்கப்பட்டுள்ளது என்று எழுதிப் பேனையை நிறுத்தினாள். ஞானசவுந்தரி பின்னால் வந்து நின்றது அப்போதுதான் தெரிந்தது.

"என்ரை பிழை எண்டே விடும் பிள்ளை," என்றாள் தணிந்த குரலில். "உமக்கு முதல் இருந்த மிஸ்ஸி மூண்டு மாதத்திலை மாற்றம் எடுத்துக்கொண்டு போனவ. உம்மை விசாரணை அது இது எண்டு எடுத்திட்டினமெண்டால் இந்தக் கடலைத் தாண்டி இஞ்சை ஆர் வருவினம்? நாளைக்கு ஒரு பிள்ளைத்தாச்சி துடிச்சால் ஆர் பாக்கிறது?"

அது அன்பு மட்டுமில்லை, கணக்குப் பார்த்த பேச்சும்தான். தீவில் பிறந்தவர்களுக்கு அந்தக் கணக்கு இரத்தத்தில் ஊறியது. புருஷன் சாகக்கிடக்கிற நேரத்திலும் அவளால் அப்படி நினைக்க முடிந்ததே என்று அனோஜினிக்கு வியப்பாக இருந்தது. கோபமும் வந்தது, ஆர்மேல் என்றுதான் தெரியவில்லை. பேனையை அழுத்திப் பிடித்து அடுத்த வரியை எழுதினாள். பிறகு வாசித்துக் காட்டினாள்.

"உப்பின் விபரத்தை வாசிக்காமல், பாவிக்கலாம் என்று சொன்னது நான். அனோஜினி."

ஞானசவுந்தரி கடிதத்தை வாங்கி, நாலாக மடித்து, செபமாலை வைக்கிற சின்னப் பைக்குள் வைத்தாள்.

கல்மதில் ஒழுங்கை வழியாக லான்ட்மாஸ்ரர் மெல்லப் போனது. அனோஜினி பெட்டியில் முழங்காலில் இருந்து சேலைனைத் தூக்கிப் பிடித்தாள். துறையில் நாலு பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று அவரைக் கைமாற்றிப் படகில் ஏற்றினார்கள், ஞானசவுந்தரியும் பின்னால் ஏறினாள். கடைசிக் கல்சியத்தை மறுகரைத் தாதியின் கையில் வைத்து, நாடி நாற்பத்தைந்துக்குக் கீழே இறங்கினால் மட்டும் என்றாள். படகு அலைக்குள் இறங்கி மறைந்து, திரும்பத் தெரிந்து, மறைந்து, தெரிந்தது. பிறகு தெரியவேயில்லை. அவள் திரும்ப வந்து, மற்ற நோயாளர்களுக்கு மருந்து கொடுத்தாள். போனை மேசையில் நிமிர்த்தி வைத்திருந்தாள்.

ஐந்தரைக்கு டொக்டர் போன் எடுத்தார். மெசினில் போட்டு எடுத்தாகிவிட்டது, நாடி எழுபது, ஆள் கதைக்கிறார் என்றார். கடலிலேயே கடைசி ஊசியும் தேவைப்பட்டதாம்.

"கடிதம் வாசிச்சனான் மிஸ்," என்றார் டொக்டர். "மேலிடத்துக்கு அறிவிக்கத்தான் வேணும். அதை ரெண்டு பேருமாய் எழுதுவம். கிளினிக்கிலை எல்லாரிட்டையும் குளிசையைக் கேக்கிறம், குசினியிலை என்ன உப்பெண்டு கேக்கிறேல்லை. நானும் கேக்கேல்லை. இனி நீங்கள் கேளுங்கோ."

ஓம் என்றாள். போனை வைத்து இரண்டு நிமிடம் இல்லை, திரும்ப அடித்தது. ஞானசவுந்தரி. பின்னால் மரியமுத்து யாரையோ திட்டுகிற சத்தம் கேட்டது, அதைவிட இனிமையான சத்தம் அவள் அன்று முழுக்கக் கேட்கவில்லை.

"பிள்ளை, இவருக்குக் கஞ்சி வாங்கி வைச்சிருக்கிறன். உப்பில்லையெண்டு நிக்கிறார். துளி போடலாமோ எண்டு உம்மட்டைத்தான் கேக்கச் சொல்லுறார்."

உம்மட்டைத்தான். இவ்வளவுக்குப் பிறகும். பெரிய ஆசுப்பத்திரி, சுற்றவரப் பத்து மிஸ்ஸிமார், அவ்வளவு பேரையும் விட்டுவிட்டுக் கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவளைக் கேட்கிறார்கள். அவளுக்குக் கண் நிறைந்தது. பதில் நாக்கு நுனியில் இருந்தது, இருந்தும் சொல்லவில்லை.

"இப்ப சொல்லமாட்டன் அம்மா. அந்த வாட்டு டொக்டரைக் கேட்டிட்டு அஞ்சு நிமிசத்திலை போன் எடுக்கிறன். அதுவரைக்கும் ஒண்டும் போடாதேங்கோ."

அந்த ஐந்து நிமிடமும் கிழவர் கஞ்சியைப் பார்த்துத் திட்டிக்கொண்டே பட்டினி கிடந்தார்.