இன்னும் பதினெட்டு மாதம்

அந்தக் குழலுக்கு மூடி வைத்து வெல்டிங் செய்தது நான்தான். விரல் தடிமன், இரண்டு ஆள் உயரம், உள்ளே புது வகை எரிபொருள் வில்லைகள். அதை அணு உலைக்குள் இறக்கி, எப்படி நடந்துகொள்கிறது என்று கூடவே இருந்து பார்க்கப் போனவர் என் வீட்டுக்காரர். எதையும் அளக்காமல் விடமாட்டார், எங்கள் ஆலையில் அவருக்கு மைக்ரோமீட்டர் என்று பெயர்.

உலை இருந்த இடம் ஒன்றரை நாள் பயணம். "குழல் வெளிய வர்ற அன்னிக்கே நானும் கிளம்பிடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பதினெட்டு மாதம்தான். மகள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள்.

பதினெட்டு மாதம் கழித்துக் குழலைத் தூக்கி அளந்தார்கள். வீக்கமில்லை, வளைவில்லை, கசிவில்லை. பிரமாதம் என்று இன்னொரு பதினெட்டு மாதத்துக்கு உள்ளே விட்டார்கள். ஆலையில் ஆளாளுக்கு என் கையைக் குலுக்கினார்கள். நான் மனதுக்குள் குழலைத் திட்டினேன். கல்லுளிமங்கன், ஒரு பொட்டு கசிந்து தொலைக்கக் கூடாதா? வெல்டிங் செய்தவளே அப்படி நினைக்கலாமா என்றால், நினைத்தேன். வருஷத்துக்கு ஒரு வாரம் அவர் வீட்டுக்கு வருவார். பெட்டியை முழுசாகத் திறப்பதற்குள் கிளம்பும் நாள் வந்துவிடும்.

இப்போது அதுவும் முடிந்து, மூன்றாவது சுற்றும் விடலாமா என்று கேள்வி. வில்லை செய்தவர்கள் சரி என்றுவிட்டார்கள். மூடி தாங்குமா என்று நான் எழுதித் தர வேண்டும். கேட்டு வந்த கடிதத்தின் அடியில் என் வீட்டுக்காரர் கையெழுத்து.

போன் செய்தேன். சந்தேகம் என்று எழுதினால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"வெளிய எடுத்துடுவாங்க. அடுத்த வாரமே நான் வந்துடுவேன்."

"எழுதிடட்டுமா?"

எனக்கு அவர் வேண்டும், சண்டை போடவாவது வேண்டும்.

"எக்ஸ்ரே படத்தைப் பார்த்தியா?" என்றார்.

வெல்டிங் செய்த அன்று எடுத்த படம், இப்போது உலையிலிருந்து தூக்கித் தண்ணீருக்கடியில் வைத்து எடுத்தது, இரண்டையும் பூதக்கண்ணாடி வைத்து இரண்டு நாள் பார்த்தேன். ஊசிமுனை அளவுக்காவது ஒரு ஓட்டை கிடைக்காதா என்று தேடினேன். கிடைக்கவில்லை. தாங்கும் என்று எழுதிக் கொடுத்தேன்.

அன்று மாலை மகளைப் பாலர் பள்ளியிலிருந்து கூட்டிவந்தேன். வாசலில் ஷூவைக் கழற்றிவிடும்போது வழக்கம்போல அப்பாவைக் கேட்டாள். இன்னும் நாளாகும் என்றேன். ஏன் என்றாள்.

"அம்மா நல்லா வேலை பார்த்துட்டேன்டி."